பழைய புட்டியும் அதன் விலையும்

(நாகர்கோவிலில் நடந்த ஒரு கூட்டத்தில் நாம் பேசியதன் விபரம்)



இன்றைய தினம் நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் சற்று வேடிக்கையானது. பழைய வீட்டின் மச்சிலோ, அரங்கிலோ, தாத்தா காலத்துப் பெட்டியிலோ ஒரு பழைய ஷாம்பேன் புட்டி அகப்பட்டால் அது என்ன விலை பெறும், அந்த விலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். "இது குடிக்கிறவன் கவலையல்லவா, நமக்கு என்னத்திற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாம் இங்கு யாரையும் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. குடியாதே என்று பிரசங்கம் செய்யவும் வரவில்லை. கையில் கிடைத்த ஒரு சாமானை ஆராய்ந்து பார்த்து மதிப்பதா, அல்லது வேறொருவன் வந்து சொல்லும் கதையைக் கேட்டு மதிப்பதா என்பதுதான் நமது பேச்சு. அந்தக் கதையைக் கேட்டு நகையை விற்றவர்களும், வீட்டை அடமானம் வைத்தவர்களும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கிறபடியால் இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு ஆகாது.

ஷாம்பேன் நாஞ்சில் நாட்டுக்கு எப்படி வரும் என்று கேட்காதீர்கள். இந்த ஜில்லாவின் மலையடிவாரங்களில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டம் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் நம் ஆட்களே கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் வேலைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்துத் தீர்வையில்லாக் கடையில் ஒரு புட்டி வாங்கி, "பிள்ளை கல்யாணத்துக்கு" என்று அலமாரியில் வைப்பார்கள். பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகிவிடும், பேரப்பிள்ளையும் பிறந்துவிடும், புட்டி மாத்திரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதை யாராவது கையில் எடுத்து, "முப்பது வருஷத்துச் சரக்கு, லட்சக்கணக்கில் போகுமாம்" என்று ஆரம்பிப்பார்கள்.

முதலில் அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நீங்கள் பிரான்சு தேசத்துக்குப் போகவேண்டியதில்லை. பனையடிக்குப் போனால் போதும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அக்கானி. தடவாமல் இறக்கினால் அதே பாளை கொடுப்பது கள். காரணம் என்ன? ஈஸ்ட் என்று சொல்லப்படுகிற, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் பாளைநீரிலுள்ள சர்க்கரையைத் தின்று, அதைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கள் நுரைப்பது அந்த வாயுவினால்தான். சுண்ணாம்பு இருந்தால் அந்த உயிர் வேலை செய்ய முடிவதில்லை. ஷாம்பேன் என்பதும் இதே சங்கதிதான். பிரான்சில் ஷாம்பேன் என்ற பிரதேசத்தில் விளைந்த திராட்சையின் ரசத்தை ஒரு தடவை புளிக்கவிட்டு, பிறகு கனமான புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளேயே இரண்டாம் தடவை புளிக்கிறது. வாயு வெளியே போக வழியில்லாமல் ரசத்தோடே கரைந்து நிற்கிறது. மோட்டார் கார்ச் சக்கரத்திலிருக்கும் காற்றின் அழுத்தத்தைவிட இரண்டு மூன்று பங்கு அழுத்தம் அந்தப் புட்டிக்குள் இருக்கிறது. திறந்தால் 'டப்' என்று தக்கை பறப்பதற்கு இதைத் தவிர வேறு மகிமை ஒன்றும் இல்லை.

அப்படியானால் கள் இரண்டொரு நாளில் கெட்டுப்போக, ஷாம்பேன் மட்டும் வருஷக்கணக்கில் நிற்பது எப்படி? காற்றுப்படாதபடி மூடியிருக்கிறது; திராட்சையில் புளிப்பு அதிகம்; எல்லாவற்றையும்விட, குளிர்ந்த இருட்டறையில் வைத்திருக்கிறார்கள். ரேம்ஸ் என்கிற ஊரில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து பூமிக்கடியில் நிலவறைகள் இருக்கின்றன. கோடையிலும் குளிர்காலத்திலும் அங்கே உஷ்ணம் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். இப்போது நமது ஊர் மச்சை நினைத்துப் பாருங்கள். மேலே ஓடு, ஓட்டுக்கு மேலே வெயில், வருஷத்தில் பெரும்பகுதி முப்பது டிகிரிக்குக் குறையாத வேக்காடு. அதில் இருபது வருஷம் கிடந்த ஷாம்பேன் பழைய ஷாம்பேன் அல்ல, செத்துப்போன ஷாம்பேன். தக்கை சுருங்கி வாயு போயிருக்கும். காற்று உள்ளே புகுந்து நிறம் கறுத்திருக்கும். புளி பழசானால் அதற்கு மதிப்பு உண்டு. தேங்காயெண்ணெய் பழசானால் காறிப்போகிறது. இரண்டும் ஒரே அடுக்களையில் இருக்கிற சாமான்தான். பழையது என்கிற ஒரே காரணத்துக்காக ஒரு சாமான் உயர்ந்ததாகிவிடாது என்பது நமது வீட்டுத் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். சாஸ்திர புராண விஷயம் வந்தால்தான் நம்மவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள், நிற்க.

'விண்டேஜ்' என்ற வார்த்தையைப் பற்றியும் ஒரு தப்பபிப்பிராயம் இருக்கிறது. விண்டேஜ் என்றால் பழையது என்று அனேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அர்த்தம் அதுவல்ல. நமது வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு விளைச்சல் இருக்கிறதல்லவா? ஒரு வியாபாரி நாலு வருஷத்து நெல்லை ஒன்றாய்க் கலந்து அரைத்து விற்கலாம். இன்னொருவன், "இது இன்ன வருஷத்துக் கும்பப்பூ மாத்திரம்" என்று சொல்லித் தனியாய் விற்கலாம். ஷாம்பேனில் பெரும்பாலானது பல வருஷத்து ரசத்தைக் கலந்தது. அதில் வருஷம் போட்டிருக்காது. நல்ல விளைச்சல் கண்ட ஒரே வருஷத்துத் திராட்சையில் மட்டும் செய்து, அந்த வருஷத்தைச் சீட்டில் அச்சடித்திருந்தால் அதுதான் விண்டேஜ். கலப்புச் சரக்கைப் பதினைந்து மாதத்துக்குக் குறையாமலும், விண்டேஜ் சரக்கை மூன்று வருஷத்துக்குக் குறையாமலும் வைத்திருந்துதான் வெளியே விடவேண்டுமென்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆகவே மச்சில் கிடைத்த புட்டியில் முதலில் பார்க்கவேண்டியது வருஷம் போட்டிருக்கிறதா என்பது. போட்டிருக்காவிட்டால், சீக்கிரம் குடிப்பதற்காகச் செய்யப்பட்ட சாதாரணச் சரக்கு என்று பெரும்பாலும் எண்ணிக்கொள்ளலாம். அது முப்பது வருஷம் கிடந்ததால் விலை ஏறியிருக்காது.

சரி, உண்மையாகவே பழைய ஷாம்பேன் அகப்பட்டு, உண்மையாகவே பெரிய விலைக்குப் போனது உண்டா என்றால், உண்டு. அதை விவரமாய்ச் சொல்லுவோம். அதிலேதான் நமக்குப் பாடம் அதிகம்.

ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடலில் ஓலாந்து என்கிற தீவுக்கூட்டம் இருக்கிறது. பின்லாந்து தேசத்தைச் சேர்ந்தது. 2010-ஆம் வருஷம் ஜூலை மாதம் அங்கே முங்கு ஆட்கள் சிலர், சுமார் 50 மீட்டர் ஆழத்தில் முழுகிக்கிடந்த ஒரு பழைய கப்பலைக் கண்டார்கள். அதிலே 168 புட்டிகள் இருந்தன. அனேகமாய் எல்லாம் ஷாம்பேன், சில பீர். மேலே ஒட்டியிருந்த காகிதமெல்லாம் எப்போதோ கரைந்து போய்விட்டது. உடனே பத்திரிகைகளில் என்ன கதை வந்தது தெரியுமா? பிரான்சு ராஜா பதினாறாம் லூயி, ருஷியச் சக்கரவர்த்திக்கு அனுப்பிய வெகுமதியாயிருக்கலாம், 1780-களைச் சேர்ந்ததாயிருக்கலாம் என்றார்கள். ராஜா என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் புட்டிக்கு உடனே ஒரு தெய்வாம்சம் வந்துவிடுகிறது பாருங்கள்! நல்லவேளையாக அங்கிருந்தவர்கள் கதையோடு நிற்கவில்லை. தக்கையை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். சுட்டுப் பொறித்த முத்திரை இருந்தது. வவ் கிளிக்கோ, ஹைட்சிக், ஜுக்ளார் என்ற மூன்று கம்பெனிகளின் பெயர் அதிலிருந்து தெரிந்தது. கிளிக்கோ என்ற அம்மாள் புருஷன் இறந்தபிறகு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்ததே 1805-ஆம் வருஷத்தில்தான். வவ் என்றால் அந்தப் பாஷையில் விதவை. தாலியறுத்தவள் மூலையில் உட்காரவேண்டுமென்று அங்கும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்த அம்மாள் கம்பெனியையே நடத்தி, அந்தப் பெயரையே உலகத்துக்கு வியாபாரக் குறியாக ஆக்கிவிட்டார். லூயி ராஜாவோ 1793-லேயே தலையை இழந்தவர். ஆகவே ராஜா கதை தக்கையோடு போயிற்று. சரக்கு சுமார் 170 வருஷத்தது என்று முடிவாயிற்று.

அதோடும் விடவில்லை. பிரான்சிலுள்ள விஞ்ஞானிகள் அந்த ரசத்தைப் பரீட்சை செய்து 2015-ல் பிரசுரம் செய்தார்கள். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 150 கிராம் சர்க்கரை இருந்தது. இப்போது கடையில் விற்கிற ஷாம்பேனில் பத்துக் கிராமுக்குச் சற்று முன்பின் இருந்தால் அதிகம். நம் கடைகளில் விற்கும் சோடா, கலர்களைவிட அது தித்திப்பு. ருஷியர்கள் அந்தக் காலத்தில் இன்னும் இரண்டு பங்கு தித்திப்புக் கேட்பார்கள் என்பதால், சரக்கு ருஷியாவுக்கே போகாமல் ஜெர்மன் நாடுகளுக்குப் போயிருக்கலாமென்று அந்த விஞ்ஞானிகள் ஊகித்தார்கள். சக்கரவர்த்தியின் பங்கும் ஆட்டங்கண்டது. ருசி எப்படி என்று பார்த்த நிபுணர்கள், முதலில் நனைந்த மயிர் நாற்றமும் பாலாடைக் கட்டி நாற்றமும் அடித்ததாகவும், காற்றுப்பட்டபின் புகை, மசாலா, தோல் இவைகளின் வாசனை வந்ததாகவும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். தேவாமிர்தம் என்று அவர்கள் எழுதியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? எழுதவில்லை. அதுதான் ஆராய்ச்சிக்காரனுக்குள்ள யோக்கியதை. 168-ல் ஏறக்குறைய பாதிதான் குடிக்கத் தகுந்ததாயிருந்தது. மற்றவைகளில் கடல்நீர் புகுந்துவிட்டது.

இப்படிப்பட்ட புட்டிகளில் வவ் கிளிக்கோ ஒன்று 2011-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஏலத்தில் 30,000 யூரோவுக்குப் போயிற்று. ஜுக்ளார் ஒன்று 24,000 யூரோ. இவ்வளவு விலை எதற்கு என்று பார்த்தால், பழமைக்கு மட்டும் அல்ல. கடலடியில் இருட்டும் நாலைந்து டிகிரிக் குளிரும் சேர்ந்து ரேம்ஸ் நிலவறையைவிட நன்றாய்ப் பாதுகாத்தது. எங்கிருந்து எடுத்தது, எத்தனை எடுத்தது என்பதற்குச் சர்க்கார் கணக்கு இருந்தது. தக்கை சாட்சி சொன்னது. விற்பதற்கு உரிமையுள்ள தீவுச் சர்க்காரே விற்றது. இந்த நாலும் இல்லாத ஒரு புட்டி அதே வயதாயிருந்தாலும் முப்பது யூரோ பெறாது.

சாட்சியில்லாமல் கதையை நம்பினவர்கள் கதியையும் பாருங்கள். அவர்கள் படியாத பாமர ஜனங்கள் அல்ல, கோடீசுவரர்கள். 1985-ஆம் வருஷம் டிசம்பரில் லண்டனில் ஒரு புட்டி 1,05,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. அது ஷாம்பேன் அல்ல, போர்தோ பக்கத்துச் சிவப்பு ஒயின். 1787 என்ற வருஷமும், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சன் பெயரின் முதலெழுத்துகளும் கண்ணாடியில் செதுக்கியிருந்தன. அதே கூட்டத்துப் புட்டிகள் நாலை இன்னொரு அமெரிக்கப் பணக்காரர் வாங்கிவைத்திருந்தார். பல வருஷம் கழித்து அவருக்குச் சந்தேகம் வந்து ஆட்களை வைத்து விசாரித்தார். ஜெபர்சன் ஒவ்வொரு செலவையும் எழுதிவைக்கிற மனிதர். அவர் கணக்குகளில் அந்தப் புட்டிகளுக்கு ஆதாரம் அகப்படவில்லை. செதுக்கியிருந்த எழுத்தைச் சோதித்த நிபுணர்கள், மின்சாரத்தால் சுழலும் கருவியால் செதுக்கப்பட்டது என்றார்கள். 1787-ல் மின்சாரக் கருவி ஏது?

இன்னொரு சம்பவம். 2008-ல் நியூயார்க் நகரத்தில் ஒரு ஏலத்துக்குப் போன்சோ என்ற குடும்பத்தார் செய்த ஒயின் என்று 1945 முதலான வருஷங்கள் போட்ட புட்டிகள் வந்தன. அந்தக் குடும்பத்து மனிதர் நேரே வந்து, "இந்த வயல் ஒயினை எங்கள் வீட்டில் செய்ய ஆரம்பித்ததே 1980-களில்தானே, 1945-ல் யார் செய்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். புட்டிகள் ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டன. அவைகளைக் கொண்டுவந்த ரூடி குர்னியவான் என்பவர் வீட்டை 2012-ல் போலீசார் சோதித்தபோது பழைய மாதிரிச் சீட்டுகளும் தக்கைகளும் குவிந்துகிடந்தன. 2014-ல் பத்து வருஷம் தண்டனையாயிற்று. எத்தனையோ நாக்கு நிபுணர்கள் வருஷக்கணக்கில் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, "ஆஹா, அசல்" என்று சொன்ன சரக்கு அது!

விஞ்ஞானத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. 1945-ல் முதல் அணுகுண்டு வெடித்ததிலிருந்து, முக்கியமாய் அதற்கப்புறம் நடந்த வெடிப் பரீட்சைகளால், சீசியம்-137 என்ற ஒரு தாது காற்றில் பரவி, மழையோடு மண்ணில் விழுந்து, திராட்சையிலும் கொஞ்சம் ஏறிவிட்டது. அதற்கு முந்திய ஒயினில் அது கிடையாது. புட்டியைத் திறக்காமலே, கண்ணாடி வழியாக வருகிற அதன் கதிரை அளந்து பார்க்கும் முறையைப் போர்தோவிலுள்ள ஒரு பௌதிக சாஸ்திரி செய்து காட்டினார். ஜெபர்சன் பெயர் போட்ட புட்டியில் ஒன்றையும் அப்படி அளந்தார்கள், சீசியம் தெரியவில்லை. அதனால் அது 1787 என்றாகிவிடுமா? அணுகுண்டுக்கு முந்தியது என்று மட்டும்தான் ஆகும். 1940-ல் செய்ததாயும் இருக்கலாம். ஒரு பரீட்சை எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதிரை அளப்பது ஏதோ வெள்ளைக்காரன் வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். நமது மணவாளக்குறிச்சிக்கே அந்த விதத்தில்தான் பெயர் வந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைப் பார்த்தார். நாம் நாரைப் பார்த்தோம், அவர் மணலைப் பரீட்சித்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் தோரியம் இருந்தது. அந்தக் காலத்தில் காஸ் விளக்கு வலைக்குத் தோரியம் வேண்டியிருந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மணவாளக்குறிச்சியில் தொழிற்சாலையே வந்துவிட்டது. எத்தனை தலைமுறை அந்த மணலில் நடந்து வலையிழுத்தது! எந்த ஜோசியனாவது, எந்த மந்திரவாதியாவது அதன் விலையைச் சொன்னதுண்டா?

ஆனால் அதே ஜோசியக் கூட்டத்தார் இப்போது விஞ்ஞானி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 'இரிடியம்' என்றும் 'ரைஸ் புல்லிங்' என்றும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோயில் கலசம் ஒன்றோ, பழைய செம்போ இருக்கிறதாம். அதில் இடி விழுந்து இரிடியம் சக்தி ஏறியிருக்கிறதாம். அரிசியைக் கிட்டே வைத்தால் இழுக்குமாம். அயல்நாட்டுக் கம்பெனி கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்ளுமாம். அதற்கு முன்னால் பரீட்சைக் கட்டணம், உடுப்புக் கட்டணம், பத்திரக் கட்டணம் என்று சில லட்சம் மட்டும் நீங்கள் கட்டவேண்டுமாம்! இரிடியம் என்பது விலையுயர்ந்த ஒரு உலோகம், வாஸ்தவம். ஆனால் அது இடியிலிருந்து வருவதுமில்லை, அரிசியை இழுப்பதுமில்லை. அரிசியில் இரும்புத் தூளை ஏற்றி, பாத்திரத்தில் காந்தத்தை மறைத்துவைத்தால் எந்தச் செம்பும் இழுக்கும். நாளைக்கு இந்தக் கூட்டம் செம்பை விட்டுவிட்டு, "துரை வீட்டுப் புட்டி, ராஜா முத்திரை, லண்டன் ஏலம்" என்று வந்தால் ஏமாறாதிருக்கத்தான் இவ்வளவும் சொன்னோம். அடையாளம் ஒன்றே போதும்: உங்கள் பொருளை மதிப்பதற்கு உங்களிடமே முன்பணம் கேட்கிறானா என்று பாருங்கள். பெரிய ஏல வியாபாரிகள் படத்தைப் பார்த்து உத்தேச மதிப்புச் சொல்ல சாதாரணமாய்க் காசு கேட்பதில்லை.

இனிச் சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் மது விற்கக்கூடாது. சில்லறை வியாபாரம் 2003 முதல் சர்க்காருடைய டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. ஆகவே உங்கள் மச்சில் அகப்பட்ட புட்டி லண்டனில் என்ன விலை பெற்றாலும் வடசேரிச் சந்தையில் அதை நீங்கள் விற்க முடியாது. விற்றால் விலைக்குப் பதிலாக வழக்குத்தான் வரும். மச்சில் அகப்படாமல் தோட்டத்து மண்ணைத் தோண்டும்போது அகப்பட்டால் இன்னொரு வேடிக்கை. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுகிற எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இன்றுவரை யாரும் உயர்த்தவில்லை. விற்க வழியில்லாதவனுக்கு ஒரு பொருளின் விலை அதைத் தானே உபயோகிப்பதில் எவ்வளவு பிரயோஜனமோ அவ்வளவுதான்.

ஆகவே அப்படி ஒரு புட்டி அகப்பட்டால் ஆட்டாமல் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கழுத்துவரை ரசம் நிற்கிறதா, இறங்கியிருக்கிறதா? தக்கையோரம் கசிந்து பிசுபிசுப்பு இருக்கிறதா? நிறம் வைக்கோல் போலிருக்கிறதா, கருப்பட்டிக் காப்பி போலிருக்கிறதா? வருஷம் உண்டா? வாங்கின ரசீது, கொண்டுவந்தவர் கடிதம், எங்கே எத்தனை வருஷம் கிடந்தது என்கிற விபரம் உண்டா? ரசம் இறங்கி, நிறம் கறுத்து, வருஷமும் ரசீதும் இல்லையென்றால் அதை யாரிடமும் காட்டிக்கொண்டு அலையவேண்டாம். மாறாக, எல்லாம் சரியாயிருந்து பெயர்பெற்ற கம்பெனியின் வருஷமும் போட்டிருந்தால், படமெடுத்து இரண்டு ஏலக்காரருக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் வெவ்வேறு தொகை சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

திறப்பதென்று தீர்மானித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய புட்டி என்பதால் வாயு போயிருக்குமென்று அஜாக்கிரதையாயிருக்கக்கூடாது. நன்றாய்க் குளிரவைத்து, கம்பியைத் தளர்த்தும்போதே துணியால் தக்கையை அழுத்திப் பிடித்து, தக்கையைத் திருகாமல் புட்டியைச் சாய்த்துத் திருப்பவேண்டும். வாயை யார் முகத்துக்கு நேரேயும் காட்டாதீர்கள். இதனால் கண் போனவர்கள் உண்டு. முதலில் மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் வாய்க்காலில் கொட்டிவிட்டு, புட்டியை மட்டும் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கனத்த கண்ணாடி, நல்லெண்ணெய் ஊற்றிவைக்க வெகு நன்றாயிருக்கும்.